ஒரு கை மணல், ஒரு துண்டு சீஸ்... தூக்குமேடை ஏறிய உர்சுலா!

1582, பிப்ரவரி மாதம். இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரம், எசெக்ஸ் மாவட்டத்தில் இருக்கும் செயின்ட் ஓசித் என்ற சின்ன ஊர். ஊரின் பெரிய மனிதரும் மாஜிஸ்திரேட்டுமான பிரையன் டார்சியின் முன்னால் ஒரு சிறுவன் நிற்கிறான். பெயர் தாமஸ் ராபெட். வயது எட்டு.

அவனிடம் அவன் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார்கள். அவனும் சொல்கிறான். அம்மாவிடம் நான்கு குட்டிச்சாத்தான்கள் இருக்கின்றனவாம். ஒன்று சாம்பல் நிறப் பூனை மாதிரி. இன்னொன்று வெள்ளை ஆட்டுக்குட்டி மாதிரி. மூன்றாவது கறுப்புத் தேரை. நான்காவது கறுப்புப் பூனை. அவற்றுக்கு அம்மா பீரும் வெள்ளை ரொட்டியும் கேக்கும் கொடுப்பாராம். ராத்திரியானால் அவை வந்து அம்மாவின் கையில் ரத்தம் உறிஞ்சுமாம்.

பூனை, ஆட்டுக்குட்டி, தேரை, கேக். எட்டு வயதுப் பையன் ஒருவனின் மனதில் என்னவெல்லாம் இருக்குமோ, அதெல்லாம் அந்த வாக்குமூலத்தில் இருந்தது. சொன்னது அத்தனையும் அரசாங்கக் காகிதத்தில் எழுதப்பட்டது. சில வாரங்களில் தாமஸின் அம்மா தூக்கிலிடப்பட்டார். குற்றம், சூனியம் வைத்துக் கொன்றது.

அந்த அம்மாவின் பெயர் உர்சுலா கெம்ப். இங்கிலாந்தை டியூடர் வம்சம் ஆண்ட காலத்தில் நடந்த சூனிய வழக்குகளில், விவரங்கள் மிக அதிகமாகக் கிடைக்கும் வழக்குகளில் ஒன்று அவருடையது. காரணம், வழக்கு முடிந்த அதே ஆண்டில் சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஒரு சிறு புத்தகமாக லண்டனில் அச்சாகி விற்பனைக்கு வந்தன. எழுதியவர் 'டபிள்யூ. டபிள்யூ.' என்ற முதல் எழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டார்.

பேய், பிசாசு, மந்திரக்கோல் என்று எதிர்பார்த்து அந்த வாக்குமூலங்களைப் படிப்பவர்களுக்கு ஓர் ஆச்சர்யம் காத்திருக்கும். குட்டிச்சாத்தான்களைவிட அதிகமாக அதில் வருவது பால், சீஸ், பாத்திரம் தேய்க்கிற மணல், கைமாற்று, கொடுக்காத கூலி. எல்லாம் அக்கம்பக்கத்து விவகாரங்கள்தாம்!

சட்டம் வந்த கதை

அதற்கு முன்பு இங்கிலாந்தில் சூனியம் பெரும்பாலும் சர்ச் கவனித்துக்கொள்ளும் விஷயமாக இருந்தது. 1542-ல் மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில்தான் அதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கும் முதல் சட்டம் வந்தது. அவர் மகன் ஆறாம் எட்வர்டு ஆட்சிக்கு வந்ததும், 1547-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

பிறகு, முதலாம் எலிசபெத் ராணியின் ஆட்சியில் 1563-ல் புதிய சட்டம் பிறந்தது. சூனியத்தால் ஓர் உயிர் போனால் தூக்கு. ஆளுக்கோ ஆடுமாட்டுக்கோ தீங்கு நேர்ந்தால் ஓராண்டுச் சிறை. அந்த ஓராண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சந்தை கூடும் நாளில், தலையையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி ஆறு மணி நேரம் நிறுத்துவார்கள். இரண்டாவது முறை மாட்டினால் அதற்கும் தூக்குதான்.

இங்கே ஒரு விஷயம். சூனியக்காரி என்றாலே உயிரோடு எரிக்கும் காட்சிதான் பலருக்கு நினைவில் வரும். ஸ்காட்லாந்திலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் நெருப்பு இருந்தது உண்மை. இங்கிலாந்துச் சட்டப்படி சூனியக் குற்றத்துக்குத் தண்டனை தூக்குக் கயிறு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒப்புதல் வாங்குவதற்காகச் சித்திரவதை செய்ய இங்கிலாந்தின் சாதாரண நீதிமன்றங்களுக்கு அனுமதி இல்லை. அப்படியானால் ஒப்புதல்கள் எப்படி வந்தன? அதற்கும் இந்த வழக்கில் பதில் இருக்கிறது.

சட்டம் வந்த மூன்றாவது ஆண்டே எசெக்ஸ் மாவட்டத்தின் தலைநகரான செம்ஸ்ஃபோர்டில் ஒரு வழக்கு. 1566 ஜூலையில், ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற அறுபது வயதைத் தாண்டிய ஏழைப் பெண் தூக்கிலிடப்பட்டார். அவரிடம் 'சாத்தான்' என்று பெயர் வைத்த ஒரு பூனை இருந்ததாக வழக்கு. ஒரு கேக்கைக் கொடுத்து, பக்கத்து வீட்டு எலிசபெத் ஃபிரான்சிஸிடமிருந்து அதை வாங்கினாராம். அங்கேயும் முக்கியமான சாட்சி ஒரு சிறுமிதான். வயது 12. கொம்பு வைத்த கறுப்பு நாய் ஒன்று வந்து வெண்ணெய் கேட்டதாக அவள் சொன்னாள்.

அந்த வழக்கும் சிறு புத்தகமாக அச்சாகி விற்றது. பூனை, நாய், தேரை வடிவில் சூனியக்காரிக்கு ஏவல் செய்யும் குட்டிச்சாத்தான் என்ற கதையை எசெக்ஸ் மக்கள் நன்றாகவே அறிந்துகொண்டார்கள். 16 ஆண்டுகள் கழித்து தாமஸ் சொன்னதும் அதே மாதிரிக் கதையைத்தான்.

கைராசிக்காரர் உர்சுலா

உர்சுலா கெம்ப் ஏழை. ஊரில் அவருக்கு நல்ல பெயரும் கிடையாது. தாமஸ், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. ஆனால், உடம்புக்கு முடியவில்லை என்றால் ஊர்ப் பெண்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள். செய்வினை எடுப்பதில் அவர் கைராசிக்காரர் என்று பேச்சு.

இந்த வைத்தியத்தை அவர் கற்றுக்கொண்டதே தன் வலிக்காகத்தான். பத்துப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு எலும்பெல்லாம் வலித்து நடக்க முடியாமல் போயிருக்கிறது. பக்கத்து ஊரான வீலியில் இருந்த ஒரு பெண்ணிடம் போனார். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, எடுக்கும் முறையையும் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தார்.

பன்றிச் சாணத்தையும் செர்வில் என்ற கீரையையும் சேர்த்து இடது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வலது கையில் கத்தி. அதை மூன்று முறை குத்தி நெருப்பில் போட வேண்டும். கூடவே சில மூலிகைகளைப் பீரில் போட்டுக் குடிக்க வேண்டும். உர்சுலாவுக்கு வலி போனது. பிறகு, தன்னைத் தேடி வந்த சிலருக்கும் இதையே செய்தார்.

அந்தக் கால கிராமத்தில் டாக்டர் என்பவர் பணக்காரர்களுக்கு மட்டும்தான். மூலிகை தெரிந்த, மந்திரிக்கத் தெரிந்த பெண்ணோ ஆணோ இல்லாத வட்டாரம் அபூர்வம். அவர்களை நம்பித்தான் ஏழைகள் வாழ்ந்தார்கள். ஆனால், அந்த நம்பிக்கைக்குள் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. செய்வினையை எடுக்கத் தெரிந்தவருக்கு, வைக்கவும் தெரியும்தானே?

தொட்டிலும் 12 பென்ஸும்

உர்சுலா மீது முதலில் புகார் சொன்னவர் கிரேஸ் தர்லோ. ஒரு காலத்தில் இருவரும் பேசிப் பழகியவர்கள்தாம்.

கிரேஸின் மகன் டேவிக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது உர்சுலா பார்க்க வந்தார். பையனின் கையைப் பிடித்து, பாவம் பிள்ளை என்ன பாடுபடுகிறது என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். திரும்ப வந்து அதையே சொன்னார். இப்படி மூன்று முறை. டேவிக்குச் சரியாகிவிட்டது.

அடுத்து கிரேஸுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஜோன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை தனக்குக் கிடைக்கும் என்று உர்சுலா எதிர்பார்த்தார். கிரேஸ் வேறொருவரை வைத்துக்கொண்டார். இதில் இருவருக்கும் மனஸ்தாபம். சுமார் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, ஜோன் தொட்டிலிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்துபோனாள்.

செய்தியைக் கேட்ட உர்சுலா, என்னிடம் விட்டிருக்கலாமே என்கிற தொனியில் ஏதோ சொன்னாராம். ஆற்றாமையில் சொன்னாரா, ஆத்திரத்தில் சொன்னாரா? பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிரேஸுக்குக் கால்வலி வந்தது. குழந்தை விஷயத்தில் இவ்வளவு கசப்பு இருந்தும் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் யார் தெரியுமா? உர்சுலாதான்! 12 பென்ஸ் கொடுத்தால் குணப்படுத்துவதாகச் சொன்னார். அன்றைக்குக் கூலி வேலை செய்பவருக்கு அது ஏறத்தாழ இரண்டு நாள் சம்பளம். கிரேஸ் ஒப்புக்கொண்டார். வலி போய், ஐந்து வாரம் நன்றாக இருந்தார்.

உர்சுலா வந்து பணம் கேட்டார். நானே ஏழை, கையில் காசில்லை என்றார் கிரேஸ். சரி, கொஞ்சம் சீஸாவது கொடு என்றார் உர்சுலா. அதுவும் இல்லை என்றார் கிரேஸ். உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார் உர்சுலா. கிரேஸுக்கு மறுபடியும் கால்வலி வந்துவிட்டது.

வேலை செய்தவருக்குக் கூலி வரவில்லை. கூலி கொடுக்காதவருக்கு வலி வந்தது. இதுதான் மாஜிஸ்திரேட் டார்சியின் மேஜைக்குப் போன புகார்.

மணல் கேட்ட வீடு

இரண்டாவது புகாரைச் சொன்னவர் ஆக்னஸ் லெதர்டேல். உர்சுலா தன் மகனை அவர் வீட்டுக்கு அனுப்பி, பாத்திரம் தேய்க்க மணல் கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலாகக் காலுறைக்குச் சாயம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் மோருக்கு உறை கேட்பார்களே, அந்த மாதிரி ஒரு கொடுக்கல் வாங்கல். உர்சுலாவின் பெயர் சரியில்லை என்பதால் லெதர்டேல் கொடுக்கவில்லை.

பிறகு, லெதர்டேலின் குழந்தை எலிசபெத்துக்கு உடம்பு வீங்கிக் காய்ச்சல் கண்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வைத்தியக்காரப் பெண்ணிடம் போகும் வழியில் உர்சுலாவின் வீடு இருந்தது. அதன் ஜன்னலைப் பார்த்துக் கை நீட்டி, குழந்தை வலி தாங்காமல் கத்தியதாம். தாயின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை.

டியூடர் கால இங்கிலாந்தில் ஏறத்தாழ நான்கு குழந்தைகளில் ஒன்று பத்து வயதைத் தொடுவதற்குள் இறந்துவிடும். கிருமி என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நேற்று வரை சிரித்து விளையாடிய குழந்தை இன்று ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில், நேற்று மணல் இல்லை என்று திருப்பி அனுப்பிய முகம்தான் நினைவுக்கு வரும்.

மாஜிஸ்திரேட் கொடுத்த வாக்கு

அன்றைய நடைமுறைப்படி, குற்றம் சாட்டப்பட்டவரையும் புகார் சொன்னவர்களையும் விசாரித்து, அதை எழுத்தில் வைப்பது உள்ளூர் மாஜிஸ்திரேட்டின் வேலை. சம்பளம் இல்லாத அந்தப் பதவியில் ஊரின் நிலப்பிரபுக்கள் இருப்பார்கள். தீர்ப்பு சொல்வது, ஆண்டுக்கு இரண்டு முறை லண்டனிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வரும் நீதிபதிகளின் 'அசைஸ்' நீதிமன்றம்.

ஆகவே, டார்சி கையில் தீர்ப்பு இல்லை. ஆனால், அந்த அறையில் உர்சுலாவுக்கு அது தெரிந்திருக்குமா?

முதலில், செய்வினை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியாது என்றுதான் உர்சுலா சொன்னார். டார்சி ஒரு வாக்குக் கொடுத்தார். உண்மையை ஒப்புக்கொள்பவர்களுக்குச் சலுகை உண்டு. ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு மரணம்தான். இதைக் கேட்டதும் உர்சுலா முழங்காலில் விழுந்து அழுதார். நான்கு ஆவிகளையும் ஒப்புக்கொண்டார். அதில் இரண்டு ஆண், இரண்டு பெண் என்றார். ஆண் ஆவிகள் உயிரை எடுக்கும், பெண் ஆவிகள் உடம்பை முடக்கி, ஆடுமாட்டைக் கெடுக்கும் என்றார். ஜோனின் தொட்டில் முதல் கிரேஸின் கால் வரை எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்றார்.

கட்டிவைத்து அடிக்கவில்லை. நகத்தைப் பிடுங்கவில்லை. சலுகை என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1580-ல், பிரான்ஸ் நாட்டுச் சட்ட அறிஞர் ஜான் போடான் சூனியக்காரர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். இந்தக் குற்றத்தில் உண்மையை வரவழைக்கப் பொய் வாக்குறுதி கொடுக்கலாம், பிள்ளைகளைப் பேச வைக்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்த யோசனைகள். டார்சியின் விசாரணை முறை அதை ஒத்திருப்பதை வரலாற்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

தாமஸ் மட்டும் அல்ல. ஆலிஸ் ஹன்ட் என்பவருக்கு எதிராக, அவர் கணவரின் எட்டு வயது மகள் பேச வைக்கப்பட்டாள். செசிலி செல்லிஸ் என்பவருக்கு எதிராக, அவர் பெற்ற இரண்டு மகன்களே. ஒருவனுக்கு ஒன்பது வயது. இன்னொருவனின் வயதை ஆறே முக்கால் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயர்

ஒப்புக்கொண்டதோடு உர்சுலாவை விட்டுவிடவில்லை. வேறு யாரெல்லாம் என்ற கேள்வி வந்தது. அவர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்.

அதில் ஒருவர் எலிசபெத் பென்னட். பால் தருகிறேன் என்று சொல்லியிருந்தாராம். உர்சுலா வாங்கப் போனபோது ஆள் வீட்டில் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், பானை மேல் மூடியிருந்த துணியைத் தூக்கிக்கொண்டு கீரி மாதிரி ஒன்று பார்த்ததாம். அதுதான் பென்னட்டின் குட்டிச்சாத்தான் என்றார். பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியே பார்த்த ஒரு பானை. இதுதான் ஆதாரம்!

பென்னட் முதலில் மறுத்தார். இங்கிலாந்தில் எத்தனை சூனியக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பெரிய அறிவாளி ஒருவர் ராணிக்கே தெரிவித்துவிட்டார், பிடிக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்திருக்கிறது என்று டார்சி அவரிடம் சொன்னார். ஒப்புக்கொள்ளாதவர்களின் கதி என்ன என்பதையும் சொன்னார். பென்னட்டும் முழங்காலில் விழுந்தார். பக்கத்து வீட்டு வில்லியம் பயட் குடும்பத்தோடு அவருக்குப் பழைய பகை இருந்தது. அந்த வீட்டு மாடு, இந்த வீட்டுப் பன்றி என்று தொடங்கி, கேட்கக் கூசும் வசைகள் வரை போன தகராறு. அதெல்லாம் இப்போது சூனியத்துக்கான காரணமாக எழுதப்பட்டது.

ஆலிஸ் ஹன்ட் தன் தங்கை மீதே குற்றம் சொன்னார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து, எப்போதோ செத்த மாட்டுக்கும், திரளாமல் போன வெண்ணெய்க்கும் பெயர் சொன்னார்கள். ஒரு வீட்டில் தொடங்கிய விசாரணையில், சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். ஒரு ஆணைத் தவிர மற்ற எல்லோரும் பெண்கள்.

செம்ஸ்ஃபோர்டு நீதிமன்றம்

மார்ச் மாதம் செம்ஸ்ஃபோர்டில் அசைஸ் நீதிமன்றம் கூடியது. அந்தக் காலத்தில் இந்த மாதிரிக் குற்றங்களில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. எதிர்த்தரப்பு என்ன சொல்லப்போகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். ஒரு நாளில் பல வழக்குகளைப் பார்த்தாக வேண்டும் என்பதால், ஓர் உயிரின் விவகாரம் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

குழந்தை ஜோன், குழந்தை எலிசபெத் உட்பட மூன்று பேரைச் சூனியத்தால் கொன்றதாக உர்சுலா மீது குற்றச்சாட்டு. டார்சியின் முன்னால் அவர் சொன்னது அங்கே அவருக்கு எதிராக நின்றது. சலுகை கிடைக்கவில்லை. உர்சுலா கெம்பும் எலிசபெத் பென்னட்டும் தூக்கிலிடப்பட்டார்கள். முழங்காலில் விழுந்து ஒப்புக்கொண்ட அதே இருவர்! மற்றவர்களில் சிலர் விடுதலையானார்கள். சிலருக்குச் சிறை.

வாக்குக் கொடுத்த டார்சி சில ஆண்டுகளில் எசெக்ஸ் மாவட்டத்தின் ஷெரீஃப் பதவிக்கு உயர்ந்தார்.

பகை ஏன் பக்கத்து வீட்டில் பிறந்தது?

எசெக்ஸ் நீதிமன்ற ஆவணங்களை அலசி, ஆலன் மக்ஃபார்லேன் என்ற வரலாற்று ஆய்வாளர் 1970-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1560 முதல் 1680 வரை அந்த மாவட்டத்தின் அசைஸ் நீதிமன்றத்தில் மட்டும் 290 பேர் அளவுக்குச் சூனிய வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். அதில் பத்தில் ஒருவர்கூட ஆண் இல்லை. சுமார் பாதிப் பேர் தண்டனையிலிருந்து தப்பினார்கள் என்பதும் உண்மை. நீதிமன்றம் எல்லாவற்றையும் நம்பிவிடவில்லை.

அவரும், கீத் தாமஸ் என்ற இன்னொரு புகழ்பெற்ற ஆய்வாளரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வழக்குகளில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி வருகிறது. ஏழைப் பெண் ஒருத்தி கொஞ்சம் வசதியுள்ள பக்கத்து வீட்டில் பாலோ, ரொட்டியோ, ஈஸ்ட்டோ கேட்கிறாள். இல்லை என்று கதவைச் சாத்துகிறார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே போகிறாள். அடுத்து அந்த வீட்டில் ஏதாவது கெட்டது நடக்கிறது.

கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன குற்ற உணர்வுதான் அங்கே பயமாக மாறியது என்பது அவர்களின் விளக்கம். அவள் சபித்திருப்பாள் என்ற பயத்துக்கு அடியில், அவள் சபிக்க நியாயம் இருக்கிறது என்ற எண்ணம் இருந்தது.

அந்தக் காலகட்டமும் அப்படி. இங்கிலாந்தின் ஜனத்தொகை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. விலைவாசியும் ஏறியது. ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிவந்த மடங்களை எட்டாம் ஹென்றி மூடிவிட்டார். செயின்ட் ஓசித்தில் இருந்த பெரிய மடம் 1539-ல் மூடப்பட்டு, பின்னர் டார்சி வம்சத்தின் மாளிகையாகிவிட்டது. ஏழைகள் போய் நிற்பதற்குப் பக்கத்து வீட்டு வாசல்தான் மிச்சம். தீட்சை பெற்ற பாதிரியாரின் புனித நீர், தாயத்து போன்ற பழைய கத்தோலிக்கக் காப்புகளையும் புதிய மதச் சீர்திருத்தம் ஒதுக்கிவைத்திருந்தது. கண்ணேறுக்கும் செய்வினைக்கும் பயந்தவர்களுக்கு இப்போது இருந்த பெரிய காப்பு, 1563-ம் ஆண்டுச் சட்டம்தான்.

உர்சுலாவின் கதையில் இன்னொரு வேதனையும் உண்டு. கிரேஸும் வசதியானவர் இல்லை. 12 பென்ஸ் கொடுக்க முடியாத ஏழைதான். ஓர் ஏழை இன்னோர் ஏழையின் கடனைத் தீர்க்க முடியாமல் நின்ற இடத்தில்தான் சட்டம் உள்ளே நுழைந்தது.

கேள்வி கேட்ட தோட்டக்காரர்

எல்லோரும் நம்பிவிட்டார்களா? இல்லை. கென்ட் மாவட்டத்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்று ஒருவர் இருந்தார். பீருக்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் கொடியை எப்படிப் பயிரிடுவது என்று 1574-ல் புத்தகம் எழுதியவர். செயின்ட் ஓசித் வழக்கு முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1584-ல், சூனிய நம்பிக்கையைத் தோலுரித்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். உர்சுலா வழக்கைப் பற்றி வெளிவந்த சிறு புத்தகத்தையும் அதில் சாடினார்.

சூனியக்காரி என்று பிடிபடுபவர்கள் யார் என்று அவர் பார்த்தார். வயதானவர்கள், ஏழைகள், நோயாளிகள், வீடு வீடாகப் பாலும் கூழும் கேட்டு வயிற்றைக் கழுவுபவர்கள். கொடுக்காதவர்களை அவர்கள் திட்டுவார்கள். அந்த ஊரில் எப்போதாவது யாருக்காவது ஏதாவது நடக்கத்தானே செய்யும்? அப்போது பழி அவர்கள் மேல் விழும். மிரட்டலுக்குப் பயந்தும், மனநோயாலும் சொல்லப்படும் ஒப்புதல்களை நம்பி உயிரை எடுக்கலாமா என்று கேட்டார். கண்கட்டி வித்தைக்காரர்கள் காசை மறைப்பது, கத்தியால் குத்திக்கொள்வது போலக் காட்டுவது எல்லாம் எப்படி என்று படம் போட்டு விளக்கினார். கண்ணால் பார்த்ததே பொய்யாக இருக்கலாம் என்று புரியவைக்க!

ஆனால், சட்டம் உடனே மாறிவிடவில்லை. டியூடர் வம்சம் முடிந்து, முதலாம் ஜேம்ஸ் மன்னரானதும் 1604-ல் அது இன்னும் கடுமையானது. சூனியம் ஒரு குற்றம் என்ற நிலை பிரிட்டனில் முடிவுக்கு வந்தது 1736-ல்தான். அதற்குள் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 500 பேர் தூக்கிலிடப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஊர் திரும்பிய எலும்புகள்

1921-ல் செயின்ட் ஓசித்தில் ஒரு தோட்டத்தைத் தோண்டியபோது எலும்புக்கூடு கிடைத்தது. மூட்டுகளில் ஆணி அடித்திருந்தது. இது உர்சுலா கெம்ப்தான் என்று பேச்சு பரவியது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களுக்குக் காட்டினார்கள். பிறகு அது ஒரு சூனிய அருங்காட்சியகத்துக்குப் போய், பல ஆண்டுகள் காட்சிப் பொருளாகக் கிடந்தது. அது உர்சுலாவுடையது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 2011-ல் அந்த எலும்புகளைச் செயின்ட் ஓசித்துக்கே கொண்டுவந்து முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

செத்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், அடையாளம் தெரியாத ஓர் எலும்புக்கூட்டுக்கு ஊர் சட்டென்று உர்சுலா என்று பெயர் வைத்தது. உயிரோடு இருந்தபோதும் நடந்தது அதுதான். காரணம் தெரியாத ஒவ்வொரு மரணத்துக்கும், ஒவ்வொரு வலிக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. ஊருக்குத் தெரிந்த பெயர், திருப்பிக் கேட்க ஆளில்லாத பெயர் அவருடையதாக இருந்தது.

செயின்ட் ஓசித்தில் அந்தப் பெண் கேட்டது 12 பென்ஸ், ஒரு துண்டு சீஸ், ஒரு கை மணல். கொடுத்திருந்தாலும் குழந்தைகள் பிழைத்திருக்க மாட்டார்கள். ஆனால், தாமஸுக்கு அம்மா இருந்திருப்பார்.